நீ யார் வீட்டுப் பிள்ளை?

திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று நிற்கும். அடுத்து ஒரு குரல் வரும். “மூன்று வயதுள்ள பெண் குழந்தை. சிவப்புப் பாவாடை, கழுத்தில் கறுப்புக் கயிறு. பெயர் கேட்டால் பாப்பா என்கிறது. பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்.” இதைக் கேட்கிற ஒவ்வொரு தாயின் கையும் தன்னை அறியாமலே தன் பிள்ளையின் தோளைத் தேடும். திருத்தணி ஆடிக் கிருத்திகையாயினும், வேளாங்கண்ணிக் கொடியேற்றமாயினும், நாகூர் கந்தூரியாயினும் இந்த அறிவிப்பு மாறுவதில்லை. பிள்ளையைத் தவறவிட்ட வயிற்றின் எரிச்சலுக்கு மதம் இல்லை.

அந்த அறிவிப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாவாடையின் நிறம் அதில் இருக்கிறது. கயிற்றின் நிறம் இருக்கிறது. வயதும் உத்தேசமாக இருக்கிறது. அந்தக் குழந்தை யாருடையது என்ற ஒன்றுமட்டும் இல்லை. நேரமோ ஓடுகிறது. பெற்றோர் அந்த ஒலிபெருக்கியின் எல்லைக்கு அப்பால் சென்றிருந்தால், எத்தனை முறை அறிவித்தும் பயனில்லை.

நான் பணியாற்றும் அரக்கோணம் ஊர் என்பதைவிட ஒரு சந்திப்பு என்றே நாட்டவர்க்கு அறிமுகம். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை இவ்வழியேதான் போடப்பட்டது. இன்று சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கற்பட்டு என நான்கு திசைகளிலும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. ஒரு நடைமேடையில் தவறும் குழந்தை, ஒரு மணி நேரத்தில் ஆந்திரத்தில் இருக்கலாம். சென்னைக் கடற்கரையிலும் இருக்கலாம். ஆகவே, இவ்வூரில் பங்குத்தந்தையாக இருப்பவன் இதைப் பற்றி எண்ணாமல் இருக்க இயலாது.

நம் திருக்குடும்பத்திற்கே இத்துன்பம் நேர்ந்ததை லூக்கா நற்செய்தி மறைக்கவில்லை. பாஸ்கா விழா முடிந்து திரும்புகிற பயணிகள் கூட்டத்தில் மகன் இருப்பான் என்று எண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணத்தொலை நடந்துவிட்டார்கள். பிறகு உறவினரிடமும் தெரிந்தவரிடமும் தேடினார்கள். மூன்று நாள் சென்று கோவிலில் கண்டார்கள். செபமாலையில் இதை நாம் மகிழ்ச்சி மறைபொருளாகச் சொல்லிச் செபிக்கிறோம். அந்த மூன்று நாள்களின் இரவுகளைப் பற்றி அதிகம் தியானிப்பதில்லை. இங்கே நான் கவனிப்பது இரண்டு செய்திகளை. அன்பும் பொறுப்பும் நிறைந்த பெற்றோருக்கும் இது நேரும் என்பது ஒன்று. ஆகவே, பிள்ளையைத் தவறவிட்ட தாயை நோக்கி, “உன் கண் எங்கே போயிற்று?” என்று கேட்கிற உரிமை நம்மில் யாருக்கும் இல்லை. மற்றொன்று, இயேசுவுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அறிஞர் நடுவே அமர்ந்து வினவவும் விடை கூறவும் தெரிந்த வயது. தான் யார் மகன், எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்த வயது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது இயலுமா?

இயலாது என்பதை நம் காலத்து வரலாறு ஒன்று உலகுக்குக் காட்டியது. 1986-ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா நகரைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், அண்ணனுக்காகக் காத்திருந்த இடத்தில் காலியாக நின்ற இரயில் பெட்டியில் ஏறி உறங்கிவிட்டான். விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 1,500 கிலோமீட்டர் தாண்டி கொல்கத்தாவின் ஹவுரா நிலையத்தில் அவன் வந்து இறங்கினான். அவன் பெயர் ஷேரு. அவன் வாயில் அது சரூ என்று வந்தது. அவன் வாழ்ந்த பகுதி கணேஷ் தலாய். அவன் அதைக் கினஸ்ட்லே என்றான். அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. நல்லவர்கள் அவனைக் காப்பாற்றினார்கள், தேடியும் பார்த்தார்கள், வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1987-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஒரு தம்பதியர் அவனைத் தத்தெடுத்தனர். வளர்ந்து இளைஞனான சரூ பிரையர்லி, செயற்கைக்கோள் படங்களில் இரவு இரவாக இருப்புப்பாதைகளைத் தொடர்ந்து சென்று, நினைவில் நின்ற ஒரு தண்ணீர்த் தொட்டியையும் நடைபாலத்தையும் அடையாளம் கண்டு, 2012-இல் தாயின் வாசலை அடைந்தார். தாய் அதே பகுதியிலேயே காத்திருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள்! ஒரு தாயையும் மகனையும் அத்தனை காலம் பிரித்து வைத்தது கொடியவர் எவருமல்லர். ஒரு மழலை உச்சரிப்பு.

நம் முன்னோர் இவ்வச்சத்தை அறியாதவர்களா? குழந்தையின் கழுத்தில் ஐம்படைத்தாலி கட்டினார்கள். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்னும் ஐந்து படைக்கலங்களைச் சிறு வடிவில் செய்து கோத்த அந்த அணியைப் பழந்தமிழ் இலக்கியங்கள் பேசுகின்றன. காலில் கிண்கிணி பூட்டினார்கள். அது அழகுக்கு மட்டும் இருந்திருக்காது; அடுப்படியில் நிற்கும் தாய்க்குப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும் ஒலியாகவும் இருந்திருக்கும். நான் பிறந்த சிற்றூரில் பெண்களின் முன்கையில் பச்சை குத்திய பெயர்களைச் சிறுவனாகக் கண்டிருக்கிறேன்.

எனினும், அந்நாளில் ஒரு குழந்தையின் மெய்யான அடையாளம் ஊர்தான். பக்கத்துத் தெருவில் விளையாடப் போனாலும், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர், “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார். “நடுத்தெரு கொத்தனார் வீடு” என்று பிள்ளை சொன்னால் போதும். தாத்தா பெயர்வரை அவரே சொல்லிவிடுவார். அந்தக் கேள்வியில் சாதியை அறியும் ஆவலும் ஒளிந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், குழந்தையைப் பொறுத்தவரை அது வேலியாக இருந்தது. அது சொல்லும் அரைகுறை விடையை நிரப்பிக்கொள்ளத் தெரிந்தவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். இன்று நாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களில் அப்படி எவரும் இல்லை. ஆகவே, ஊர் சொல்லிவந்த விடையை நாம் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியவர்களாகிறோம்.

இதைப் பொது அமைப்புகள் உணர்ந்திருக்கின்றன. காணும் பொங்கலன்று சென்னை மெரினாவில் திரளும் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்கு, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் மணிக்கட்டில் கட்டி அனுப்புகிறார்கள். நம் ஊரிலிருந்தும் அன்று காலை மின்சார வண்டியேறிப் போகிறவர்கள் பலர். சபரிமலைக்கு வரும் சிறுவர்களுக்குக் கேரளக் காவல்துறை இவ்வாறே பட்டை கட்டுகிறது. வடக்கே, அலகாபாத் கும்பமேளாவில் தவறியவர்களை உறவினரிடம் சேர்க்கும் முகாம் ஒன்றை ராஜாராம் திவாரி என்பவர் 1946-இல் இளைஞராகத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் அதையே தவமாகச் செய்து 2016-இல் அவர் மறைந்தார். அந்நகர் இன்று பிரயாக்ராஜ் என்று பெயர் மாறிவிட்டது. அந்தப் பணி மட்டும் தொடர்கிறது.

“ஆதார் இருக்கிறதே, அது போதாதா?” என்று நம் பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. காப்பகங்களில் இருந்த சில பிள்ளைகளுக்கு ஆதார் பதிவு செய்ய முயன்றபோது, அவர்களுடைய கைரேகை முன்பே பதிவாகியிருப்பது தெரியவந்து, அதைக்கொண்டு பெற்றோரைக் கண்டுபிடித்த நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகையும் கருவிழியும் பதிவு செய்யப்படுவதில்லை, முகப்படம் மட்டுமே. தன் பெயரைச் சொல்லத் தெரியாத வயதும், அரசின் ஏட்டில் கைரேகை இல்லாத வயதும் ஒன்றே. அந்த வயதுக்குக் கைவிரலைவிட மணிக்கட்டில் எழுதிய பத்து எண்களே பேசும்.

நம் பங்கிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் புறப்படுகிறோம். கொடியேறும் 29-ஆம் நாளிலிருந்து செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவரை அங்கே திரளும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளாகப் பேருந்தில் ஏறுமுன் பிள்ளைகளின் கையில் பட்டை கட்டும் பழக்கத்தை அன்பியப் பொறுப்பாளர்கள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். முதல் ஆண்டில் ஒரு தந்தை சிரித்துக்கொண்டே, “என்ன சாமி, பிள்ளை என்ன பார்சலா, விலாசம் ஒட்டி அனுப்ப?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேட்டதில் பொருளும் இருந்தது. ஆடுமாடுகளுக்குச் சூடு போட்டுக் குறியிட்டதையும், மனிதரையே அடிமைகளாக்கி உடலில் குறியிட்டதையும் உலகம் கண்டிருக்கிறது. குறியிடுவது உடைமையாக்குவதாகவும் இருக்கலாம். நம் பட்டை எந்த வகை என்று நாம் தெளிந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எண் எழுதப் பேனாவோடு அமர்ந்த இளைஞரிடம் தாய்மார் பலர், “எனக்கு நம்பர் மனப்பாடம் இல்லேப்பா, போன்லதான் இருக்கு” என்றார்கள். ஒருவர் கணவரை அழைத்து, தம் எண்ணையே கேட்டு எழுதச் சொன்னார். தாய்க்கே தெரியாத எண்ணைப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

எங்கள் பட்டையைப் பார்த்துத் திருத்தம் சொன்னவர், பயணத்தின்போது வழியில் பாதுகாப்புப் பணியிலிருந்த ஒரு பெண் காவலர். பிள்ளைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் நாங்கள் எழுதியிருந்ததைக் கண்டு, “ஃபாதர், பெயர் வெளியே தெரியக் கூடாது” என்றார். “கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், குழந்தை தெரிந்தவர் என்று நம்பிப் போய்விடும். எண்ணை வெளியே எழுதுங்கள். பெயர் வேண்டுமானால் உட்பக்கம் இருக்கட்டும்.” தன் ஆட்டுக்கு ஆயன் பெயர் சொல்லி அழைக்கிறான் என்பதையும், அயலான் குரலுக்கு ஆடு செல்லாது என்பதையும் யோவான் நற்செய்தியில் நாம் படிக்கிறோம். ஆயனுக்கு உரிய அந்தப் பெயரை அயலானின் கையில் நாமே எழுதிக் கொடுக்கலாகாது என்று அன்று உணர்ந்தேன். பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அழைத்து வருகிறவர்களும் இதை நினைக்க வேண்டும். பெயர், வகுப்பு, வீட்டு முகவரி அனைத்தையும் அது வழிப்போக்கர் எல்லார்க்கும் படித்துக் காட்டுகிறது.

அவர் சொன்ன மற்றொன்றையும் இங்கே எழுதுகிறேன். இரண்டு எண்கள் எழுத வேண்டும். ஒன்று, உடன் வரும் பெற்றோருடையது. மற்றது, கூட்டத்துக்கு வராமல் வீட்டிலிருக்கும் ஒருவருடையது. இலட்சம் பேர் கூடும் இடத்தில் கைப்பேசித் தொடர்பு பலமுறை கிடைப்பதில்லை. மின்னேற்றம் தீர்ந்துபோவதும் உண்டு. வீட்டிலுள்ள பாட்டி இரு பக்கத்துக்கும் செய்தி சொல்லும் பாலமாவார். எண்களை ஆங்கில இலக்கங்களில் எழுதினால் தமிழரும் தெலுங்கரும் இந்தி பேசுவோரும் படிப்பார்கள். புறப்படுமுன் அன்றைய உடையில் பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் சட்டையின் நிறமே மறந்துபோகும். இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம் முதலியவை வசதியுள்ளோர்க்குத் துணையாகலாம். ஆனால், அவை பெற்றோரிடம் பேசுமேயன்றி, பிள்ளையைக் கண்டெடுத்தவரிடம் பேசா.

இங்கேதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது தொடங்குகிறது. அடையாளப் பட்டை யாருக்காக எழுதப்படுகிறது? குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. பெற்றோருக்கு அது தேவையில்லை. யாரென்றே நாம் அறியாத ஓர் அந்நியருக்கு நாம் எழுதும் கடிதம் அது. “ஐயா, அம்மா, இவன் எங்கள் பிள்ளை. எங்கள் கை தவறிவிட்டது. உங்கள் கையில் கிடைத்திருக்கிறான். அழைத்துச் சொல்லுங்கள்” என்று அது மன்றாடுகிறது. அந்நியரில் நல்லவர் உண்டு என்று நம்புகிறவரே அக்கடிதத்தை எழுத முடியும்.

அந்த நம்பிக்கை நம்மிடையே எந்நிலையில் இருக்கிறது? 2018 மே மாதம் நடந்ததை இப்பகுதியார் மறந்திருக்க முடியாது. குழந்தை கடத்துவோர் உலவுகிறார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு சிற்றூருக்குச் சென்றார்கள். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு அவர்கள் மிட்டாய் கொடுத்ததே குற்றமாயிற்று. கூட்டம் கூடித் தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே நாள்களில் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் வழிதவறித் திரிந்த ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அந்தக் கொலைகள் நடந்தன. பிள்ளைமேல் அன்பு காட்டும் அந்நியரை எல்லாம் அடித்துத் துரத்தும் ஊரில், தவறிய பிள்ளையை யார் தூக்குவார்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் சந்திப்பின் நடைமேடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். நான்கு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை தூணருகே நின்று அழுதுகொண்டிருந்தது. வண்டிக்கு நின்ற ஆண்கள் பலர் பார்த்தார்கள்; ஒருவரும் அருகே செல்லவில்லை. பூக்கூடையோடு வந்த அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்தார். உடனே ஒரு குரல் எழுந்தது: “ஏம்மா, யாரு நீ? கொழந்தைய எங்க கூட்டிட்டுப் போற?” அந்த அம்மா கையை விடவில்லை. “நான் எங்கயும் போகல. இங்கயேதான் நிக்கிறேன். நீயும் வந்து கூட நில்லு” என்றார். பெயர் கேட்டபோது குழந்தை விழித்தது. பூக்கார அம்மா தெலுங்கில், “நீ பேரேமிட்டி?” என்றார். “புஜ்ஜி” என்று விடை வந்தது. ஆந்திரத்தில் வீட்டுக்கு ஒரு புஜ்ஜி உண்டு. “மீ அம்ம பேரு?” என்றதற்கு, “அம்ம” என்றது.

இரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்தனர். குழந்தையை இருத்தி, பிஸ்கட் கொடுத்து, மற்ற நிலையங்களுக்குச் செய்தி அனுப்பினர். ரேணிகுண்டா செல்லும் வண்டியில் பெற்றோர் ஏறியிருந்தார்கள். தாய், குழந்தை தந்தையிடம் இருப்பதாக எண்ணினார்; தந்தை, தாயிடம் இருப்பதாக எண்ணினார். திருத்தணியில்தான் தெரிந்தது. இறங்கி அழுது, செய்தி அறிந்து, அடுத்த வண்டியில் திரும்பி வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அக்குழந்தையின் கையில் பத்து எண்கள் இருந்திருந்தால் மூன்று நிமிடத்தில் அந்தத் தாயின் நெஞ்சு ஆறியிருக்கும். பூக்கார அம்மாவையும் ஒருவரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள்; எண்ணை அழைத்துப் பேசிக்கொண்டிருப்பவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று யார் சொல்வார்? அடையாளப் பட்டை பிள்ளையை மட்டுமன்றி, பிள்ளையைக் கண்டெடுக்கும் நல்லவரையும் காக்கிறது.

பட்டை இருந்தும் சேர முடியாமற்போன பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். 1938 டிசம்பர் முதல் 1939-இல் போர் மூளும்வரை, நாத்சிகளின் கொடுமைக்குத் தப்பச் சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள், இரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் எண் எழுதிய அட்டை தொங்கியது. அட்டையைப் படித்து வரவேற்க இலண்டன் நிலையத்தில் முன்பின் அறியாத குடும்பங்கள் காத்திருந்தன. பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால், அவர்களில் பலர் தம் பெற்றோரை மீண்டும் காணவேயில்லை. மறுமுனையில் விடை சொல்ல ஆள் இல்லாதபோது, அந்த அந்நியக் குடும்பங்களே அவர்களுக்கு வீடாயின.

நம்மருகே, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இலங்கையின் கிழக்குக் கரையில் சில மாதக் கைக்குழந்தை ஒன்று இடிபாடுகளிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. கல்முனை மருத்துவமனையில் அன்று சேர்க்கப்பட்டவர்களில் 81-ஆவது என்பதால் அதற்கு 81 என்பதே பெயராயிற்று. பலர் தம் பிள்ளை என்று உரிமை கொண்டாடியதாகச் செய்திகள் பரவின. நீதிமன்றத்தை நாடியது ஒரு தமிழ்த் தம்பதியரே. மரபணுச் சோதனை முடிந்து 2005 பிப்ரவரியில்தான் பிள்ளை அவர்கள் மடியில் சேர்ந்தது. தன் பிள்ளை என்று தாய் சொன்ன சொல் போதாமற்போன அந்த வாரங்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை இழந்த எத்தனை தாய்மார் அந்த ஒரு முகத்தில் தம் பிள்ளையைத் தேடியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்களை யார் குறை கூறுவார்?

கடிதம் எழுதத் தெரிந்த நாம் நம் பிள்ளைகளுக்கு எழுதிவிடுவோம். நம் வண்டிநிலையம் வழியாக நாள்தோறும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடி வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு யார் எழுதுவது? வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பிள்ளையின் கையில் எந்த எண் இருக்கும்? இரயில்வே பாதுகாப்புப் படையின் குழந்தை மீட்புப் பணிக்கு ‘நன்ஹே ஃபரிஷ்தே’ என்று பெயர். சின்னஞ்சிறு வானதூதர்கள் என்று பொருள். 2018 முதல் 2024 மே வரை 84,119 குழந்தைகளை நிலையங்களிலும் வண்டிகளிலும் மீட்டதாக அரசு அறிவித்திருக்கிறது. இத்தனை பிள்ளைகளும் நம்மைப் போன்ற பயணிகள் நடந்துபோகும் நடைமேடைகளில்தான் நின்றார்கள்.

ஆகவே, அந்தக் கடிதத்தைப் பெறுகிறவராகவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். தனித்து அழும் குழந்தையைக் கண்டால் அதன் உயரத்துக்குக் குனிந்து பேசுங்கள். கண்ட இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுசெல்லாதீர்கள். தவறவிட்டவர் முதலில் ஓடிவருவது அங்கேதான். அருகிலிருக்கும் இன்னொருவரையும், இயன்றால் ஒரு பெண்ணையும், உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இரக்கத்தால்கூட வீட்டுக்கு அழைத்துப் போகலாகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. காவல்துறைக்கு 112, இரயிலிலும் நிலையத்திலும் 139. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, கண்டெடுக்கப்பட்ட குழந்தை பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுவரப்பட வேண்டும். குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் ஊரெங்கும் பரப்புவது உதவியாகாது. அது யார் கண்ணில் படும் என்று நமக்குத் தெரியாது; பிள்ளை வீடு சேர்ந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

தவறவிட்ட பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். “கொஞ்ச நேரம் தேடிப் பாருங்கள், வந்துவிடும்” என்று யாரேனும் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். காணாமற்போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கும் நாம் கற்றுத் தர வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் சிறியவர்களுக்குச் சிலுவை அடையாளம் கற்றுத்தருகிற அருட்சகோதரியிடம், அதனோடு இன்னும் மூன்றைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். வீட்டுச் செல்லப்பெயரை அன்றி, தன் சொந்தப் பெயர். அம்மா, அப்பா என்னும் பெயர்களுக்குப் பின்னாலுள்ள அவர்களுடைய பெயர். ஒரு தொலைபேசி எண். எண்ணைப் பாட்டாக்கினால் நான்கு வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் பாடிவிடுகிறது. தவறிவிட்டால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை அணிந்தவரிடமோ பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயிடமோ சொல்லவும் பழக்குகிறோம். பேச்சு வராத பிள்ளைகளும் அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளும் நம் பங்கில் உண்டு. அவர்கள் எத்தனை வயதானாலும் பட்டை அவர்களுக்கு இன்றியமையாதது. அதை இழிவாக எண்ணும் உறவினர் முன்னிலையில், பெற்றோர் பக்கம் நாம் நிற்க வேண்டும்.

திருமுழுக்குக்காகக் கோவில் வாசலில் குழந்தையோடு நிற்கும் பெற்றோரிடம் குரு முதன்முதலாகக் கேட்பது, இக்குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதே. நூற்றுக்கணக்கான முறை நான் இதைக் கேட்டிருக்கிறேன். பெயரைச் சொல்லும் தாயின் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அதன் பின்னர், கூடியிருக்கும் இறைமக்கள் அனைவர் சார்பாகவும் அக்குழந்தையை வரவேற்று, நெற்றியில் சிலுவை வரைகிறோம். அந்த அடையாளம் உடைமைக் குறி ஆகாது. இப்பிள்ளைக்கு நாங்களும் பொறுப்பு என்று ஒரு சமூகமே கையெழுத்திடுவது அது. “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்ததும் இதைத்தான்.

வருகிற திருப்பயணத்திற்கான பட்டைகளை இளைஞர்கள் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பங்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட ஐம்பது கூடுதலாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். வழியில் நிற்கும் இடங்களில் வேறு ஊர்க் குடும்பங்களைச் சந்திப்போம்; அவர்களில் எழுதத் தெரியாதவர்களும் இருப்பார்கள். பேனாவோடு அவர்கள் அருகே சென்று அமர ஓர் ஆள் வேண்டும். புறப்படுமுன் உங்கள் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்.